பதினோராவது பெட்டி

தன்னை லாரியை விட்டு இறக்கப் பார்க்கிறார்கள் என்று மாரப்பனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தெரிந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். இருபத்தாறு வருடமாக "டேய் மாரப்பா" என்று கூப்பிட்டு வந்த போக்குவரத்து மேனேஜர் தனபால், அன்றைக்கு மில் வாசலில் நின்று, "ஏனுங்க மாரப்பன், ஆபீசு வரைக்கும் கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?" என்றார்.

கொங்கு நாட்டின் மரியாதை உலகறிந்தது. அதை அனுபவித்தவர்களுக்கு, பழக்கமில்லாத இடத்திலிருந்து அது வரும்போது முதுகு சில்லிடும் என்பதும் தெரியும். மாரப்பன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போனார்.

மாரப்பனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று பார்த்தால், மூன்றுதான் தேறுகின்றன. காங்கேயத்துக்கு வெளியே இருக்கும் பொங்கியண்ணனின் மாட்டுத்தீவன மில்லில் அவர் லாரி டிரைவர். வயது ஐம்பத்து நான்கு. வாரத்துக்கு மூன்று நடை அந்தியூர் வழியாக பர்கூர் மலைக்குத் தீவனம் ஏற்றிப் போவார். இதுவரை ஒரு மூட்டைகூடக் கிழிந்ததில்லை. மற்றபடி, வணக்கம் சொன்னால் பதில் சொல்ல மாட்டார். சிரித்ததைப் பார்த்ததாக யாரும் சாட்சி சொன்னதில்லை. நண்பர்கள் கிடையாது. எதிரிகளில்கூடத் தரம் பார்ப்பார். அப்படிப் பார்த்துப் பொறுக்கி எடுத்தவர்தான் தனபால்.

இந்தப் பகைக்கு வயது எட்டு. ஒருநாள் டிரைவர்கள் யாரும் இல்லாத சமயத்தில் தனபால் தானே ஒரு லாரியை ரிவர்ஸ் எடுத்துத் தண்ணீர்த் தொட்டியை இடித்துத் தள்ளிவிட்டார். டீலர்கள் நான்கு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது உள்ளே நுழைந்த மாரப்பன் தொட்டியைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், "தொட்டி கொஞ்சம் நகுந்து குடுத்திருக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். தனபால் மில் முதலாளி பொங்கியண்ணனின் தங்கை வீட்டுக்காரர். மேனேஜர் நாற்காலியைவிட அந்த உறவு உயரமானது. அந்த உயரத்திலிருந்து அன்றைக்கு விழுந்தவர், எழுந்து தூசி தட்டிக்கொள்ள எட்டு வருடமாக ஒரு சந்தர்ப்பம் தேடிக்கொண்டிருந்தார். அது ஒரு தீப்பெட்டி அளவில், கறுப்பு நிறத்தில், கோயமுத்தூரிலிருந்து வந்து சேர்ந்தது.

வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஜிபிஎஸ் பெட்டி. பத்துப் பெட்டி வாங்கினால் ஒன்று இனாம் என்றார்கள். மில்லில் இருந்தது பத்து லாரி. இனாமாக வந்த பதினோராவது பெட்டியை மேஜை அறைக்குள் போட்டுவைக்கத் தனபாலுக்கு மனம் வரவில்லை. வந்ததை வீணாக்கும் வழக்கம் அவர் வம்சத்தில் இல்லை. தன்னுடைய காரிலேயே மாட்டிக்கொண்டார்.

பெட்டி வேலை செய்யும் விதம் எளிமையானது. குறித்த நேரத்துக்கு ஒருமுறை, தான் இருக்கும் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் ஒரு புள்ளியாக ஆபீசுக்கு அனுப்பும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் டேட்டாபேஸ் புள்ளிகளை நேரப்படி வரிசையில் நிறுத்தி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை மீட்டர் என்று பார்த்து, எல்லாவற்றையும் கூட்டி, இன்றைய ஓட்டம் இவ்வளவு என்று சொல்லும். பூமி உருண்டை என்பதைக்கூட அது கணக்கில் எடுத்துக்கொள்ளும். மலைப்பாதை வளைந்து போகும் என்பதை மட்டும் அதனிடம் யாரும் சொல்லவில்லை.

நிமிடத்துக்கு நாலைந்து புள்ளி அனுப்பலாம் என்று பெட்டிக்காரர்கள் சொன்னார்கள். அதற்குத் தக்கபடி சிம் கார்டுக்குப் பெரிய பிளான் போட வேண்டும். "பதினஞ்சு நிமிசத்துக்கு ஒரு புள்ளி போதுமுங்க. லாரி என்ன, ராக்கெட்டா?" என்றார் தனபால்.

செவ்வாய்க்கிழமை ஆபீசில் தனபாலோடு இன்னொருவரும் இருந்தார். கம்ப்யூட்டர் செக்‌ஷன் புவனா. மதுக்கரையிலிருந்து மூன்று பஸ் மாறி வருகிற பெண். இன்ஜினியரிங் படித்தவர். தான் சொல்வதை இந்த மில்லில் யாரும் கேட்பதில்லை என்ற கோபம் அவர் முகத்தில் நிரந்தரமாக இருக்கும். புள்ளிகளைக் கூட்டிக் கிலோமீட்டர் சொல்லும்படி டேட்டாபேசுக்கு எழுதிக்கொடுத்தது அவர்தான்.

"உக்காருங்க மாரப்பன்" என்றார் தனபால்.

மாரப்பன் உட்காரவில்லை. அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லி இதற்குமுன் யாரும் அவரிடம் சொன்னதில்லை. அதனால் அது உறுதியாக இருக்குமா என்ற சந்தேகம் அவருக்கு இருந்திருக்கலாம்.

"பர்கூருக்குப் போயிட்டு வர உங்க வண்டி மீட்டர் இருநூத்தி இருவத்தாறு காட்டுதுங்க. பொட்டி நூத்தி எம்பத்தி நாலுங்குது. ஒவ்வொரு நடைக்கும் நாப்பத்திரண்டு கிலோமீட்டர் எச்சா ஓடியிருக்குதுங்க. அந்த நாப்பத்திரண்டுல நீங்க எந்த ஊருக்குப் போறீங்க, யாரைப் பாக்கறீங்க? நாங்களும் தெரிஞ்சுக்கலாமுங்களா?"

"மீட்டர் என்ன சொல்லுதோ அத்தனை தூரந்தானுங்க ரோடு."

"அப்ப பொட்டி பொய் சொல்லுதுங்களா?"

புவனா கம்ப்யூட்டர் திரையை மாரப்பன் பக்கம் திருப்பினார். வரைபடத்தில் அவருடைய லாரி போன வழி சிவப்புக் கோடாக இருந்தது. அந்தியூர் தாண்டியதும் கோடு ரோட்டை விட்டுவிட்டது. வரட்டுப்பள்ளம் அணையின் தண்ணீர் மேலே நேராகப் போய், மலைச்சரிவில் நட்டுக்குத்தாக ஏறி, கொண்டை ஊசி வளைவு ஒன்றைக்கூடத் தொடாமல் பர்கூரில் இறங்கியது.

"சார், பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு புள்ளின்னா, நடுவுல வண்டி எப்படி வளைஞ்சு போச்சுன்னு டேட்டாபேசுக்குத் தெரியாது. ரெண்டு புள்ளிக்கும் நடுவுல நேர்கோடு போட்டுத்தான் தூரம் எடுக்கும். வளைவெல்லாம் விழுங்கிடும். நான் அன்னிக்கே சொன்னேன்."

"அம்மணி, உங்களைக் கேக்கறப்ப சொன்னாப் போதுமுங்க" என்றார் தனபால்.

மாரப்பன் குனிந்து அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல ரோடுங்க. இதுல ஓட்டோணுமின்னா லாரிக்கு ரெண்டு றெக்கையும் ஒரு துடுப்பும் வாங்கிக் குடுங்க. நாப்பத்திரண்டு மிச்சம் பண்ணிக் காட்டறேன்."

இதற்குள் பொங்கியண்ணன் வந்துவிட்டார். அறுபத்தைந்து வயது. அதிகம் பேச மாட்டார். எண்ணைத்தான் பார்ப்பார், படத்தைப் பார்க்க மாட்டார். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். எல்லாப் பெட்டிகளையும் பத்து வினாடிக்கு ஒரு புள்ளி அனுப்பச் செய்வது. ஒரு மாதம் பார்ப்பது. பெட்டியும் மீட்டரும் ஒத்துப்போனால் சரி. போகவில்லையென்றால் மாரப்பன் லாரியை விட்டு இறங்கி, மிச்ச காலத்துக்கு மில் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வேண்டியது.

மாரப்பனுக்கு எல்லாத் திட்டும் ஒன்றுதான்; கேட் என்ற ஒரு சொல் மட்டும் அப்படி இல்லை. அவருடைய அப்பா பொங்கியண்ணனின் அப்பா தோட்டத்தில் ஆயுள் முழுக்கக் காவல் இருந்தவர். கிளுவை வேலிக்கு உள்ளே அறுபது வருடம். ஸ்டியரிங்கைப் பிடித்த நாளன்று மாரப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ஒரே விஷயம், இனி எந்த வேலிக்கும் காவல் இருப்பதில்லை என்பதுதான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிற அளவுக்கு அவருக்குப் பிடித்தவர்கள் யாருமில்லை.

பத்து வினாடிப் புள்ளிகள் வரத் தொடங்கின. சிவப்புக் கோடு ஒழுங்காக ரோட்டில் ஏறி, ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் பணிவாக வளைந்தது. மீட்டர் இருநூற்று இருபத்தாறு என்றால் பெட்டி இருநூற்று இருபத்து நான்கு என்றது. தனபாலுக்கு இரண்டு வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

புவனா மட்டும் ஒன்று சொன்னார். "சார், இன்னொண்ணு இருக்கு. வண்டி நின்னுட்டிருக்கும்போதும் பெட்டி புள்ளி அனுப்பும். ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் அங்கயும் இங்கயும் தள்ளி விழும். வெட்டவெளியில அது பெருசாத் தெரியாது. தகரக் கூரைக்குக் கீழ நின்னா நாலு மீட்டர், அஞ்சு மீட்டர்னு ஆடும். நிக்கிற நேரத்துப் புள்ளிகளைக் கழிச்சுட்டுத்தான் கூட்டணும்."

"எதையும் கழிக்கப்படாதுங்க அம்மணி. கழிச்சா அது திருடனுக்குத்தான் சௌரியம்."

ஆடி மாதம் பிறந்தது. அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மாடும் குதிரையும் வந்து குவிந்தன. வருடா வருடம் மில் அங்கே ஒரு தீவனக் கடை போடும். இந்த வருடம் சரக்கோடு போனது மாரப்பனின் லாரி. தகரக் கொட்டகை ஒன்றுக்குள் ஐந்து நாள் நின்றது. மாரப்பன் ஐந்து நாளும் லாரிக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, போகிற வருகிற காளைகளையெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசியில் கூட்டல் வந்தது. பெட்டியின் கணக்கு, லாரி மீட்டரைவிட இருநூற்று மூன்று கிலோமீட்டர் அதிகம்.

போன மாதம் பெட்டி குறைவாகச் சொன்னதால் மாரப்பன் ஊர்சுற்றி. இந்த மாதம் பெட்டி அதிகமாகச் சொன்னதால் மீட்டர் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டிய களவாணி. எப்படிப் பார்த்தாலும் குற்றவாளி மாறவில்லை என்பதே தன் முறையின் துல்லியத்துக்குச் சான்று என்று தனபால் கருதினார்.

"புள்ளியெல்லாம் ஒரே இடத்துல எறும்புப் புத்து மாதிரி குமிஞ்சிருக்கு சார். வண்டி நகரவே இல்லை" என்றார் புவனா.

"சந்தைக்குள்ளயே சுத்தியிருக்காருங்க மச்சான்" என்றார் தனபால், பொங்கியண்ணனைப் பார்த்து. "மாடு வாங்குனவங்களுக்கு வாடகைக்கு ஓட்டியிருப்பாரு. சின்ன எடத்துல சுத்திச் சுத்தி ஓட்டுனாலும் கிலோமீட்டர் கிலோமீட்டர்தானுங்களே."

பொங்கியண்ணன் எண்ணைப் பார்த்தார். "திங்கக்கெழமை வெச்சு விசாரிச்சுக்கலாம். அதுவரைக்கும் கேட்டுல இருக்கட்டும்."

லாரிச் சாவி தனபாலின் மேஜை அறைக்குள் போனது. மாரப்பன் கேட்டுக்குப் போனார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு விசில், நூலில் கட்டிய பேனாவோடு ஒரு நீளமான நோட்டு. நோட்டில், உள்ளே வரும் வெளியே போகும் வண்டிகளின் எண், நேரம், மீட்டர் அளவு என்று பத்தி போட்டிருந்தது. பழைய வாட்ச்மேன் மீட்டர் பத்தியை ஒருநாளும் நிரப்பியதில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் தனபாலே கையெழுத்துப் போட்டு ஒட்டிய சுற்றறிக்கை ஒன்று கேட்டுக்கு உள்பக்கம் மஞ்சளேறிக் கிடந்தது: எந்த வண்டியானாலும் மீட்டர் எழுதாமல் விடக்கூடாது. மாரப்பன் அதை இரண்டு முறை படித்தார். அந்த மில்லில் அவர் இரண்டாம் முறை படித்த முதல் எழுத்து அதுதான்.

அன்று மாலை தனபாலின் கார் கேட்டுக்கு வந்தபோது, கேட் சாத்தியே இருந்தது. ஹாரன் அடித்தார். மாரப்பன் நாற்காலியிலிருந்து எழுந்து, வேட்டியை உதறிக் கட்டி, கார் கண்ணாடிக்குக் குனிந்தார்.

"மீட்டர் பாக்கோணுமுங்க."

"என்னோட காருக்குமாங்க?"

"எந்த வண்டியானாலும்னு போட்டிருக்குதுங்க. கீழ உங்க கையெழுத்துங்க."

"எழுதிக்குங்க" என்றார் தனபால், பல்லுக்கு இடையே.

மாரப்பன் கண்ணாடியைத் தூக்கி மூக்கில் மாட்டி, எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து, பேனா எழுதாததால் உதறி, நாக்கில் தொட்டு, மறுபடி எழுதினார். பின்னால் மூன்று வண்டிகள் ஹாரன் அடித்தன. காலையில் வரும்போதும் இதே. மாலையில் போகும்போதும் இதே. ஒரு வாரத்தில் தனபாலுக்கு ரத்த அழுத்த மாத்திரை இரண்டாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொங்கியண்ணனின் பேரனுக்குக் காதுகுத்து, குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு. தனபால் போகவில்லை. முதுகுவலி, கட்டிலை விட்டு எழ முடியவில்லை என்று மனைவியை மட்டும் அனுப்பி வைத்தார். பந்தியில் பொங்கியண்ணன் மூன்று முறை, "மாப்ள வரலீங்களா?" என்று கேட்டார். ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டால் அது கேள்வி இல்லை என்று சொந்தக்காரர்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை ஆபீசில் விசாரணை. தனபால், புவனா, கதவுக்குப் பக்கத்தில் மாரப்பன். பொங்கியண்ணன் கையில் செல்போனோடு வந்து உட்கார்ந்தார். வாரா வாரம் எல்லாப் பெட்டிகளின் நாள்வாரி ஓட்டமும் அவர் போனுக்குப் போகும்படி ஏற்பாடு செய்தவர் தனபால்தான்; ஒரு வண்டியும் விடக்கூடாது என்று புவனாவிடம் சொன்னவரும் அவர்தான்.

"மாப்ளே" என்றார் பொங்கியண்ணன். "முதுகு எப்படி இருக்குதுங்க?"

"இப்பத் தேவலீங்க மச்சான்."

"நேத்து காரு எடுத்தீங்களா?"

"எங்கீங்க? நாந்தான் கட்டல்லயே கெடந்தனே. காரு ஊட்டுல தகர செட்டுக்குள்ளயே நின்னுச்சுங்க."

"பதினோராவது பொட்டி நாப்பத்தியொரு கிலோமீட்டருங்குது."

தனபால் முதுகைத் தடவிக்கொண்டார்.

"பேரனுக்குக் காது குத்தறப்ப நாப்பத்தியொரு கிலோமீட்டரு எங்கீங்க போனீங்க? போனதைச் சொல்லிப்போட்டா நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். முதுகுவலின்னு எந்தங்கச்சிகிட்டச் சொல்லி அனுப்புனீங்களே, அதுதான்."

"சத்தியமா காரு நகரலீங்க மச்சான். அம்மணி, அந்த மேப்பைக் கொஞ்சம் காட்டுங்க."

"மேப்பு வேண்டாம், கிலோமீட்டர் மட்டும் போதும்னு சொல்லியிருந்தீங்க சார்" என்றார் புவனா. இருந்தாலும் காட்டினார். தனபாலின் வீட்டுக் கூரை மேல் சிவப்புப் புள்ளிகள் எட்டாயிரத்துச் சொச்சம், எறும்புப் புற்றாகக் குவிந்து கிடந்தன.

தனபாலுக்கு மூச்சு வந்தது. "பாருங்க. எல்லாம் ஒரே எடத்துல."

"அந்தியூர்லயும் இதே மாதிரித்தான் குமிஞ்சு கெடந்துச்சுன்னு அந்தம்மணி சொன்னாங்க. சின்ன எடத்துல சுத்திச் சுத்தி ஓட்டுனாலும் கிலோமீட்டர் கிலோமீட்டர்தான்னு நீங்கதானுங்களே சொன்னீங்க" என்றார் பொங்கியண்ணன். "அப்ப நேத்து ஊட்டைச் சுத்திச் சுத்தி ஓட்டுனீங்களா?"

தனபால் புவனாவைப் பார்த்தார். புவனா ஜன்னலைப் பார்த்தார். இவ்வளவு நாள் சொன்னதை இன்னொரு தடவை சொல்ல அவருக்குச் சம்பளம் கொடுப்பதில்லை.

"காரு மீட்டரைப் பாத்தாத் தெரியுமுங்க மச்சான். ஓடலீன்னு."

"நேத்து ஓடலீன்னு இன்னிக்கு மீட்டரைப் பாத்தா எப்படீங்க தெரியும்? சனிக்கெழமை எவ்வளவு இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

அந்தக் கேள்விக்கு அந்த அறையிலேயே பதில் இருந்தது. அது கதவுக்குப் பக்கத்தில், கையில் நீளமான நோட்டோடு நின்றது. தனபாலின் கண் மெதுவாக அந்தப் பக்கம் திரும்பியது. எட்டு வருடத்தில் அவர் மாரப்பனின் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மாரப்பன்" என்றார். "அந்த நோட்டைக் கொஞ்சம் படிங்க."

மாரப்பன் அவசரப்படவில்லை. கண்ணாடியைத் தேடினார். வலது பையில் இல்லை. இடது பையில் இருந்தது. துடைத்தார். மாட்டினார். பக்கம் புரட்டினார், அது போன வாரத்துப் பக்கம். மறுபடி புரட்டினார்.

"மேனேஜர் காருங்க. சனிக்கெழமை சாயந்திரம் ஆறு பத்துக்கு வெளிய. மீட்டர் அறுவத்தி ஓராயிரத்தி நானூத்தி எட்டு. திங்கக்கெழமை காலையில ஒம்பது அஞ்சுக்கு உள்ள. அறுவத்தி ஓராயிரத்தி நானூத்திப் பதினாலு."

"ஆறு கிலோமீட்டர்" என்றார் தனபால் அவசரமாக. "மில்லுல இருந்து ஊடு மூணு. போக மூணு, வர மூணுங்க. அவ்வளவுதான். ஞாயித்துக்கெழமை பூஜ்ஜியமுங்க."

மாரப்பன் நோட்டை மூடவில்லை. "நான் ஒண்ணு கேக்கலாமுங்களா? மீட்டர் வயரைக் கழட்டிவிட்டு ஓட்டியிருந்தா?"

பொங்கியண்ணன் மாப்பிள்ளையைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"என்னோட காருல நான் எதுக்குங்க கழட்டறேன்? பொட்டிதான்... நிக்கற வண்டிக்கும் அது கிலோமீட்டர் போட்டுப்போடுதுங்க மச்சான். தகரத்துக்கு அடியில நின்னா ஆடுமாம். மீட்டரைத்தான் நம்போணும்."

"அப்ப அந்தியூர்ல அஞ்சு நாளும் லாரி?" என்றார் பொங்கியண்ணன்.

பதில் வருவதற்கு, பத்து வினாடிப் புள்ளிகள் மூன்று விழும் அளவுக்கு நேரம் ஆயிற்று.

"நின்னுட்டுத்தானுங்க இருந்திருக்கும்."

பொங்கியண்ணன் எழுந்தார். "சாவியைக் குடுத்துருங்க" என்றார். வாசல் வரை போய்த் திரும்பி, "அம்மணி, நிக்கறதைக் கழிச்சுப்போட்டுக் கூட்டுங்க இனிமேல்" என்றார். புவனா தலையாட்டினார். அதற்கு வேண்டிய வரியை அவர் எழுதிவைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

தனபால் மேஜை அறையைத் திறந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. மாரப்பனும் கை நீட்டவில்லை, மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார். நன்றி, மன்னிப்பு போன்ற பண்டமாற்று எதுவும் அங்கே நடைபெறவில்லை.

லாரியை ஒரு வாரம் வேறு யாரோ ஓட்டி, சீட்டை முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். மாரப்பன் அதைப் பின்னுக்கு இழுத்தார். முன்கண்ணாடியில் தொங்கிய புதிய பிளாஸ்டிக் பூமாலையைக் கழற்றி வெளியே எறிந்தார். தீவனம் ஏற்றிய லாரி கேட்டுக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. மாரப்பன் இறங்கி, நோட்டை எடுத்துத் தன் லாரியின் எண்ணையும் நேரத்தையும் மீட்டரையும் எழுதி, நூலில் பேனாவைத் தொங்கவிட்டு, கேட்டை அகலத் திறந்துவிட்டு ஏறினார்.

ஆபீஸ் ஜன்னலிலிருந்து தனபாலின் குரல் வந்தது, பழைய சுருதியில். "டேய் மாரப்பா, கேட்டைச் சாத்திட்டுப் போடா."

மாரப்பன் கியர் போட்டார். கேட்டைச் சாத்துவது வாட்ச்மேன் வேலை.